மேலே வைத்த ஃபைல்

ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இரண்டு ஓசைகள் ஓயாமல் காதில் விழும். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிகிற பேச்சு. நூல் விற்கிறவர் ஒரு பாஷையில் விலை சொல்வார். வாங்குகிறவர் மறு பாஷையில் பேரம் பேசுவார். இரண்டு பேருக்கும் அது இரண்டு பாஷை என்ற நினைவே இராது. இலக்கணம் படித்து இதைக் கற்றவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. நூற்கட்டைத் தூக்கும்போதும் பாவு ஓட்டும்போதும் காதில் விழுந்தது நாக்கில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்தத் திண்ணையில்தான் என் சின்னத் தாத்தா, அதாவது என் பாட்டனாரின் தம்பி, புதுச்சேரிக் கதைகளைச் சொல்வார். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். சென்னை சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்த அவர், 1954-ஆம் ஆண்டுக் கடைசியில் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அவர் சொன்ன கதைகளில் ஒன்றை நான் இத்தனை வருஷமாக மறக்கவில்லை. அதைச் சொல்வதற்குமுன் கொஞ்சம் சரித்திரம் சொல்லவேண்டும்.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி, புதுச்சேரிக்கு அருகே கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் மாட்டோம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஒப்படைக்க, இந்தியாவின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார். மூவர்ணக் கொடிகளில் ஒன்று இறங்கி மற்றொன்று ஏறியது. துப்பாக்கி வெடிக்காமல், ரத்தம் சிந்தாமல் அன்றைய மாற்றம் முடிந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் மகிழ்ந்து எழுதுவார்கள். வாஸ்தவம்தான். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்த குமாஸ்தாவின் கதி என்ன? அதைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுவதில்லை.

அந்தக் குமாஸ்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பிரெஞ்சில் குறிப்பு எழுதினால் ஒரு புள்ளி பிசகாது. வீட்டில் தமிழ், ஆபீசில் பிரெஞ்சு. ஆங்கிலத்துக்கு அவர் வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. காகிதத்தில் பிரெஞ்சு நீடித்தது. மேஜைமேல் வந்து விழுந்த ஃபைல்களோ டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆங்கிலத்தில் வந்தன. ஒப்பந்தத்துக்கு ஒரு பாஷை, ஃபைலுக்கு ஒரு பாஷை.

சின்னத் தாத்தாவுக்குப் பக்கத்து மேஜையில் இப்படிப்பட்ட ஒருவர் இருந்தார். முப்பது வயது. எல்லோரையும் ‘முசியே’ என்றுதான் அழைப்பார். ஒருநாள் மாலை, சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரி ஒரு ஃபைலை அவரிடம் கொடுத்து, ‘இதை நாளைக்குப் புட் அப் செய்யுங்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நம்மவர் அகராதியைப் புரட்டினார். ‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. சந்தேகமே இல்லை. மறுநாள் காலையில் முதல் காரியமாக ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, பீரோவின் உச்சியில் அந்த ஃபைலைப் பத்திரமாக வைத்தார். தூசியைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

அதிகாரி மத்தியானம்வரை காத்திருந்தார். பிறகு கூடம் முழுவதும் கேட்கும்படி கூச்சல் போட்டார். ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் கூடமே சிரித்தது. நம்மவர் அன்று சாப்பாட்டு அடுக்கைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் நானும் சிறுபிள்ளையாகச் சிரித்தேன். “சிரிக்காதேடா, அந்த மனுஷன் முட்டாள் இல்லை” என்றார் சின்னத் தாத்தா. அது எவ்வளவு உண்மை என்பது, நானே பின்னாளில் ஆங்கில பாஷையின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் விளங்கியது.

பிரெஞ்சு தெரிந்தவனுக்கு ஆங்கிலம் எளிது என்று பொதுவாக நினைக்கிறோம். புத்தக ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது சரியே. 1066-இல் நார்மண்டி பிரபுவான வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பிறகு சுமார் முந்நூறு வருஷம் அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சே கோலோச்சியது. 1362-இல், வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாடவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! இந்த முந்நூறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டன. ‘கன்டின்யூ’, ‘என்டர்’, ‘ரிட்டர்ன்’ எல்லாம் அப்படி வந்தவையே. ஆனால் குடியானவனும் கொல்லனும் சமையற்காரியும் தங்கள் பழைய சொற்களை விடவில்லை. பிரபு ‘கன்டின்யூ’ என்றால் குடியானவன் ‘கோ ஆன்’ என்றான். பிரபு ‘ரிட்டர்ன்’ என்றால் அவன் ‘கம் பேக்’ என்றான். இரண்டும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. எழுதும்போது முன்னது வரும். வாயைத் திறந்தால் பின்னது வரும்.

ஆகவே பிரெஞ்சு படித்த நம் குமாஸ்தாவுக்கு ஆங்கிலத்தில் பிரபுக்களின் பாஷை பாதி தெரியும். பியூனின் பாஷை துளியும் தெரியாது. ஆபீஸ் நடப்பதோ பியூனின் பாஷையில். போதாக்குறைக்கு, தெரிந்த பாதியிலும் கண்ணி இருந்தது. பிரெஞ்சில் ‘டிமாண்ட்’ என்ற சொல்லுக்குப் பணிவாகக் கேட்டுக்கொள்வது என்று பொருள். ஆங்கிலத்தில் அதுவே அதட்டிக் கேட்பதாகிவிடும். நம்மவர் ‘இரண்டு நாள் விடுமுறை டிமாண்ட் செய்கிறேன்’ என்று மனு எழுதி, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சின்னஞ்சிறு வினைச்சொல்லோடு இன்னொரு சின்னஞ்சிறு சொல் ஒட்டி, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது பொருள் பிறக்கும் இந்த வித்தை, அந்நியர்களுக்குப் பெரிய இடைஞ்சல் என்பதை டாக்டர் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அச்சில் பரவியது, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு. நாம் வேண்டுமானால் ஒட்டுவினை என்று சொல்லிக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இதன் கஷ்டம் தெரியாமலில்லை. அன்றாட சம்பாஷணை மூலமாகவே ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்று 1929-இல் ‘அசிமில்’ பாடப்புத்தகம் பிரான்சில் வெளிவந்து வெகு பிரசித்தி பெற்றது. ஆனால் புத்தகத்தில் வருகிற சம்பாஷணையில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை; ஃபைல் காணாமற்போவதும் இல்லை.

பிரெஞ்சிலே இந்த வித்தை இல்லையா என்றால், வேறு உருவத்தில் இருக்கிறது. ‘மெத்ர்’ என்றால் வைப்பது. அதற்கு முன்னால் ஒரு துண்டு சேர்த்தால் ‘ரமெத்ர்’ ஆகும். தள்ளிப்போடுவது என்றும் ஒப்படைப்பது என்றும் பொருள். இன்னொரு துண்டைச் சேர்த்தால் ‘ஸூமெத்ர்’; மேலதிகாரியின் பார்வைக்குச் சமர்ப்பிப்பது. இதில் ‘ஸூ’ என்பதற்குக் கீழே என்று பொருள். பாருங்கள் விசித்திரத்தை! அதே ஃபைலை அதே அதிகாரியிடம் வைப்பதற்கு ஆங்கிலேயன் ‘மேலே வை’ என்கிறான். பிரெஞ்சுக்காரன் ‘கீழே வை’ என்கிறான். இதை எந்த அகராதியைக் கொண்டு அந்த மனிதர் கண்டுபிடித்திருப்பார்?

அன்று சாயங்காலம் சின்னத் தாத்தா அவரைக் காப்பி சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் அவர் பேசவில்லையாம். காப்பி வந்தபிறகு, “முசியே, பத்து வருஷம் படித்தேன். இன்று ஊமையாகிவிட்டேன்” என்றாராம்.

சின்னத் தாத்தாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. காரணம் இருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போயிருந்தன. எங்கள் வீடு ஓர் அங்குலம் நகரவில்லை, எல்லை நகர்ந்துவிட்டது. திருத்தணியைத் திரும்பப் பெற ம.பொ.சி. போராடிக்கொண்டிருந்த காலம் அது. கொடி மாறினால் குமாஸ்தாவின் வாயில் என்ன நடக்கும் என்பதை அவர் தம் சொந்த ஊரிலேயே பார்த்திருந்தார்.

“அண்ணே, நாளையிலிருந்து அகராதியை மூடி வையுங்கள். எங்கள் ஊரில் தெலுங்கு கற்கிற மாதிரி கற்றுக்கொள்ளலாம்” என்றார்.

அது என்ன மாதிரி? வேலையைச் செய்துகொண்டே, அந்த வேலைக்குரிய சொல்லை அப்போதே சொல்வது. ஒரு நாளைக்கு ஒன்று, அதற்குமேல் கூடாது. ஃபைலை இரண்டு கையாலும் ஏந்தி அதிகாரியின் அறைக்குப் போகும்போது ‘புட் அப்’. கணக்கு அடுத்த பக்கத்துக்குப் போகும்போது ‘கேரி ஓவர்’. உடைந்த நாற்காலியைப் பதிவேட்டிலிருந்து கழிக்கும்போது ‘ரைட் ஆஃப்’. பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்தால் ‘ஹேண்ட் ஓவர்’, வாங்கிக்கொண்டால் ‘டேக் ஓவர்’. புதுச்சேரியே அப்படித்தானே கைமாறியது என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்களாம். அந்த ஆபீசில் நம்மவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் ‘புட் ஆஃப்’ வந்தது. நம்மவர் வழக்கம்போல் அதைப் பிரெஞ்சில் பெயர்த்துப் பார்த்துத் திணறினார். சின்னத் தாத்தா, “பிரெஞ்சு வேண்டாம். உங்கள் அம்மா என்ன சொல்வார்கள்?” என்று கேட்டார். நம்மவர் யோசித்து, “தள்ளிப்போடு” என்றார். சொன்னவுடன் அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். தள்ளு, போடு, எதையும் தள்ளவுமில்லை, போடவுமில்லை. தேதிதான் மாறுகிறது. அதே ‘போடு’, அதே ‘புட்’!

அதன்பிறகு அவருக்கு வழி திறந்துவிட்டது. நம் தமிழில் இத்தகைய வினைகள் எத்தனை! ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதும் கொடுப்பதும் இல்லை, இணங்கிப்போவது இருக்கிறது. ‘போட்டுக்கொடு’ என்றால் கோள் சொல்வது. ‘எடுத்துச் சொல்’, ‘பார்த்துக்கொள்’, ‘கைவிடு’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இலக்கணப்படி நமது கூட்டுவினையும் ஆங்கிலேயரின் ஒட்டுவினையும் ஒன்றல்ல. அவர்கள் வினையோடு திசையைக் காட்டும் சொல்லை ஒட்டுகிறார்கள். நாம் பெரும்பாலும் வினையோடு வினையைச் சேர்க்கிறோம். ஆனால் பகுதிகளைக் கூட்டினால் முழுமை வராது என்ற சூட்சுமம் இரண்டுக்கும் பொது. பத்து வருஷம் கற்ற பிரெஞ்சு வழியாக அவர் தேடிக்கொண்டிருந்த சாவி, தாய் பேசிய தமிழில் இருந்தது. பள்ளிக்கூடம் அதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை.

புதுச்சேரிக்கு இந்தக் கலை புதியதல்ல. துய்ப்ளெக்சிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் உத்தியோகமே இரண்டு பாஷைகளுக்கு நடுவே நிற்பதுதான். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், பேச்சுத் தமிழும் பல பாஷைச் சொற்களும் சந்தைத் தெருவைப்போல் கலந்து கிடக்கின்றன. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், 1749-இல் அதைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் காலத்திலேயே. கொடிகள் ஏறி இறங்கின. துபாஷின் வேலை நிற்கவில்லை. ஆனால் துபாஷ் பெரிய மனிதர். பெயர் நின்றது, நாட்குறிப்பு நின்றது. பக்கத்து மேஜைக்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல் கொடுத்தவர்களைப் பற்றி யார் நாட்குறிப்பு எழுதினார்கள்?

1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணியும் எங்கள் ஊரும் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பின. சின்னத் தாத்தா அன்று ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாராம். 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. குடும்பங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து விவாதித்தன. ஒரே வீட்டில் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் மற்றவர் இந்தியராகவும் ஆனார்கள். நம்மவரின் தமையனார் பிரான்சைத் தேர்ந்துகொண்டார். நம்மவர் மாதக்கணக்கில் தவித்தார். அங்கே போனால் அவர் நாவன்மை உள்ளவர். இங்கே இருந்தால் என்றைக்கும் அரைகுறை ஆங்கிலக்காரர். இரண்டாவதைத் தேர்வது ஒரு படித்த மனிதனுக்கு எவ்வளவு கடினம்!

கெடு முடிவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அவர் சின்னத் தாத்தாவின் மேஜையருகே வந்து நின்று, ‘ஐ ஷல் ஸ்டே ஆன்’ என்றாராம். ‘கன்டின்யூ’ என்று சொல்லவில்லை. ‘ரிமெய்ன்’ என்றும் சொல்லவில்லை. அந்தக் குட்டிச் சொல் யாரும் கற்றுக்கொடுக்காமலே வந்து ஒட்டியிருந்தது. சின்னத் தாத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் சற்று நேரம் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1965-இல் தமிழைப் புதுச்சேரியின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. கூடவே ஆங்கிலத்துக்கும் இடம் இருந்தது. பிரெஞ்சு மெல்ல மெல்ல ஃபைலிலிருந்து விலகியது. ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரண்மேல் எதையாவது போட்டுவிட்டு வீடெல்லாம் தேடினால், “புட் அப் ஆகியிருக்கும், ஏறிப் பார்” என்பார்கள். என் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். அந்த முசியேயின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.