திறந்தவெளிப் பொழுதுபோக்கும் வாழ்க்கை நிறைவும்

திறந்தவெளிப் பொழுதுபோக்கு என்பது நடைப்பயிற்சி, மலையேற்றம், பறவை நோக்கல், மிதிவண்டி ஓட்டம் முதலிய, கூரைக்கு வெளியே விரும்பிச் செய்யப்படும் ஓய்வுநேரச் செயல்களைக் குறிக்கும். வாழ்க்கை நிறைவு என்பது ஒருவர் தம் வாழ்க்கையை முழுமையாக நோக்கித் தாமே செய்யும் மதிப்பீடு ஆகும். இவ்விரண்டையும் இணைப்பதில் உணர்வுசார் நுண்ணறிவுக்கு உள்ள பங்கு உளவியலில் ஆராயப்படுகிறது. இக்கட்டுரை அத்தொடர்பைத் தாம்பரம் மற்றும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளைக் கொண்டு விளக்குகிறது.

கருத்துருக்கள்

தம் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் இனங்கண்டு, புரிந்து, நெறிப்படுத்தும் ஆற்றலே உணர்வுசார் நுண்ணறிவு. பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகியோர் 1990 இல் இதை வரையறுத்தனர். டேனியல் கோல்மேன் 1995 இல் எழுதிய நூல் இச்சொல்லைப் பரவலாக்கியது.

வாழ்க்கை நிறைவை அளக்க, எட் டீனரும் பிறரும் 1985 இல் வெளியிட்ட அளவுகோல் பெரிதும் பயன்படுகிறது. அதில் ஐந்து கூற்றுகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 5 முதல் 35 வரை அமையும்.

ஆய்வுகள்

2015 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 38 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், தம்மைப் பற்றிய கவலைகளையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் நடந்தவர்களிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. கவலையை அசைபோடாதிருத்தல் உணர்வை நெறிப்படுத்துவதன் ஒரு கூறு என்பதால், மூன்று கருத்துருக்களும் சந்திக்கும் இடம் இதுவே எனலாம்.

2019 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்போர் நல்ல உடல்நலமும் மனநிறைவும் உடையவராகத் தம்மைக் கூறிக்கொள்வது மிகுதி எனக் கண்டது. அந்நேரத்தை ஒரே முறையில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடில்லை. நாளொன்றுக்கு இது 17 நிமிடமே. மேடவாக்கம் வழியாக அலுவலகம் செல்வோர் சாலையில் இழக்கும் நேரத்தோடு இதனை ஒப்பிடலாம்.

எனினும் இதைக் காரண-காரியமாகக் கொள்ளுதல் தவறு. மனநிறைவு உடையவர்களே வெளியே செல்ல முற்படுகிறார்கள் என்பதும் பொருந்தும். உணர்வுசார் நுண்ணறிவிலும் இதே சிக்கல் உண்டு. தன்மதிப்பீட்டு வினாத்தாள்களில் அதற்கும் வாழ்க்கை நிறைவுக்கும் காணப்படும் தொடர்பு, திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் குறைந்துவிடுகிறது. தம்மைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர் இரு வினாத்தாள்களிலும் உயர்ந்த மதிப்பெண் இடுவது இதற்கு ஒரு காரணமாகலாம்.

தமிழ் மரபு

நிலத்தையும் உணர்வையும் இணைத்து நோக்குவது தமிழுக்குப் புதிதன்று. அகத்திணையில் குறிஞ்சிக்குப் புணர்தலும், முல்லைக்கு இருத்தலும், நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருள்கள். ஏரியும் வயலுமாக இருந்த தாம்பரம் பகுதி மருதமாகக் கொள்ளத்தக்கது. அதன் உரிப்பொருள் ஊடல். இது இலக்கிய மரபே அன்றி அளவீடு அன்று.

தாம்பரம் பகுதி

2021 இல் மாநகராட்சியான தாம்பரத்தைச் சுற்றிப் பல பசுமைவெளிகள் உள்ளன. 1937 இல் இங்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகம் சுமார் 365 ஏக்கர் பரப்புடையது; புள்ளிமான்கள் திரியும் புதர்க்காட்டையும் கொண்டது. கல்வி வளாகம் ஆதலால் பொதுமக்கள் விரும்பியபோது உலவ இயலாது. வண்டலூரில் 1985 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கற்குவாரிகள் கொம்பன் ஆந்தைகளுக்குப் பெயர் பெற்றவை.

அன்றாட நடைக்குப் பலருக்கும் எட்டுவது ஏரிக்கரைகளே. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய இடங்களில் ஏரிகள் உள்ளன. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அச்சதுப்புநிலம் 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்நீர்வழிகள் நடைபாதைக்கு அழகு சேர்ப்பவை மட்டுமல்ல. 2015 திசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாறு வீடிழந்தவர்க்கு நீர்நிலை அமைதி தரும் காட்சியாகவே தோன்றும் எனக் கொள்ள முடியாது. மேற்கூறிய ஆய்வுகள் வெள்ளம் புகும் ஊர்களில் நடத்தப்பட்டவை அல்ல என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.