உப்பில்லாத கீரை

எங்கள் பக்கத்துச் சமையலுக்கு இருக்கிற மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. 269 அடிப் பாட்டு. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் என்பது மரக்காணம், வேலூர் என்பது உப்புவேலூர், ஆமூர் என்பது நல்லாமூர் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். எனக்கு அவை பஸ் நிற்கும் ஊர்கள். அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தார்.

மேடையில் இந்தப் பாட்டை எடுப்பவர்கள் பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் சொல்லி ஏழு வள்ளல்களோடு இறங்கிவிடுகிறார்கள். அது பாட்டுக்குச் செய்யும் அநியாயம். நத்தத்தனாரின் மனசு அடுப்படியில் இருக்கிறது.

நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் ஒருவன், பசித்த இன்னொரு பாணனுக்கு அவனிடம் போக வழி சொல்வதுதான் பாட்டு. பரிசு பெறுவதற்கு முன்பு தன் வீடு இருந்த நிலையை அவன் சொல்லும் இடத்தைப் பாருங்கள். கூரைக் கழிகள் இற்று விழுந்திருக்கின்றன. சுவரைக் கறையான் அரித்து, காளான் பூத்திருக்கிறது. அங்கேயே ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, வலி பொறுக்காமல் தாய் குரைக்கிறது. பசியில் இடுப்பு ஒட்டிப்போன பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்துகிறாள். பிறகு சுற்றத்தோடு உட்கார்ந்து எல்லோரும் தின்கிறார்கள்.

வேளை என்பது இன்றைக்கு நாம் தைவேளை, நல்வேளை என்று சொல்லும் செடி. நெடியும் கசப்புமான கீரை. வேகவைத்து, தண்ணீரை இறுத்து, பருப்பும் புளியும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் கடைவோம். கசப்பை அடக்குவது உப்புதான். உப்பே போடாமல் ஒருமுறை ஆக்கிப் பார்த்தேன். முதல் வாய் எப்படியோ இறங்கியது; இரண்டாவது வாய்க்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதைத்தான் அந்தக் குடும்பம் பகிர்ந்து தின்றது.

இத்தனைக்கும் பாட்டு வழி சொல்வது உப்பு விளையும் கரைக்கு. ஒரு வீட்டில் உப்பில்லாமல் போவதற்கு அன்றைய பண்டமாற்று காரணமாக இருக்கலாம். அகநானூற்றில் அம்மூவனார் பாடும் உமணப் பெண் நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று கூவி விற்கிறாள். குதிரில் நெல் இல்லாதவளுக்கு உப்பும் கிடையாது. சிறுபாணாற்றுப்படையிலேயே, கொற்கையைச் சொல்லும் இடத்தில், உமணர் வண்டியோடு வந்த குரங்கு கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிறது. உப்பு விற்றவர் பிள்ளைக்கு முத்து விளையாட்டுச் சாமான். பாணன் பிள்ளைக்கு உப்புக்கல்கூட இல்லை. இரண்டையும் ஒரே பாட்டுக்குள் வைத்த புலவர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கதை தலைகீழ். உப்புக்குக் குறைவே கிடையாது. பானை நிறையக் கல்லுப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து அளத்துப் பாத்திகளில் தண்ணீர் நின்றால் வேலை இல்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. வேலியோரக் கீரையும் கேழ்வரகுக் கூழும்தான். “கதவ சாத்திட்டு வந்து குந்துடி” என்பாள் அம்மா. பாணன் மனைவியைப் பற்றி அப்போது அவள் கேள்விப்பட்டதே இல்லை.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் ஏற்றாமல் இருந்திருந்தால் நானும் கேள்விப்பட்டிருக்க மாட்டேன்.

பசித்த பாணனுக்கு வழி சொல்லும்போது ஊருக்கு ஊர் என்ன சோறு கிடைக்கும் என்றுதான் புலவர் சொல்லிக்கொண்டு போகிறார். எயிற்பட்டினத்தில் நுளைச்சி வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும். அங்கே அடுப்பெரிக்கும் விறகு அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரம். ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கிறதாம். அந்த ஒட்டகத்தை நத்தத்தனார் எந்தத் துறையில் கண்டாரோ! வேலூரில் எயிற்றியர் ஆக்கிய சூடான புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். அந்த அரிசி குத்திய உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்திருக்கிறது என்று சொல்லாமல் அவரால் நகர முடியவில்லை. இரும்பு தேய்கிற அளவுக்கு எத்தனை பெண்கள், எத்தனை காலம் குத்தியிருக்க வேண்டும்! சமைத்தவள் கையைப் பார்த்த ஆளுக்குத்தான் அந்தப் பூண் கண்ணில் படும்.

கடைசியில் அரசன் விருந்து. என்ன குழம்பு, என்ன கறி என்று ஒரு பெயரும் இல்லை. வீமனுடைய சமையல் நூலிலிருந்து வழுவாத பலவகை உணவு, பொற்கலம், அவ்வளவோடு சரி. குப்பைக்கீரைக்குக் கொடுத்த இடத்தை இதற்குக் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு செய்திகளை மட்டும் புலவர் விடவில்லை. பொருநர், புலவர், அந்தணர் யார் வந்தாலும் அவன் வாசல் அடைக்கப்படாது. உண்ண உட்கார்ந்தவனுக்கு அரசன் தானே நின்று பரிமாறுகிறான். கதவைச் சாத்திக்கொண்டு தின்றவனுக்கு மறக்கவே முடியாதவை இந்த இரண்டும்தான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பாட்டை அவளுக்குப் படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். பாரியும் பேகனும் அவளை அசைக்கவில்லை. தங்கத் தட்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. “கீர பறிச்சாளே, அவளுக்கும் அந்த ராசா சோறு போட்டானா?” என்று கேட்டாள். விருந்தைச் சொல்லும் அடிகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.