மதுரைச் சிவப்பு: சாயவேர் முதல் ஈதர் பிணைப்பு வரை

மதுரைச் சுங்குடிச் சேலையின் வரலாறு பெரும்பாலும் முடிச்சுக் கலையின் வரலாறாகவும் சௌராஷ்டிர மக்களின் குடிபெயர்வு வரலாறாகவுமே சொல்லப்படுகிறது. அதன் சிவப்புக்கு ஒரு வேதியியல் வரலாறும் உண்டு. சாயவேர், நாப்தால், வினைபுரி சாயம் என மூன்று கட்டங்களாக நகர்ந்த அந்த வரலாற்றில், ஒவ்வொரு கட்டமும் ஹைட்ராக்சில் தொகுதியின் வெவ்வேறு வினையைச் சார்ந்தது. வினை மாறியபோதெல்லாம், சாயத்தைப் பற்றிய அறிவு யார் கையில் இருந்தது என்பதும் மாறியது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. வேரும் படிகாரமும்

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தோடு இணைத்துப் பேசப்படும் சௌராஷ்டிரர் குடியிருப்புகள் இன்றும் அவரது மகாலைச் சுற்றியே அமைந்துள்ளன. அங்கே சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் அழைக்கப்படும் இச்செடி ராமநாதபுரம், மன்னார், யாழ்ப்பாணக் கடற்கரை மணலில் வளர்வது. இலங்கையை ஆண்ட டச்சுக்காரர்கள் இந்த வேரை அரசு வருவாய் இனமாகவே வைத்திருந்தனர்.

வேரின் பட்டையில் இருக்கும் நிறப்பொருள் அலிசரின். அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டும் அரோமேட்டிக் வளையத்தின்மேல் அமைந்தவை. ஆகவே அது பீனால் இனம். குறையக் குறைய அமில வலிமை கூடுவதைக் காட்டும் பிகேஏ மதிப்பு, ஆல்கஹாலான எத்தனாலுக்கு ஏறத்தாழ 16, பீனாலுக்கு 10. ஹைட்ரஜன் அயனியை இழந்தபின் எஞ்சும் எதிர்மின்சுமையை வளையம் தன்மீது பரப்பிக்கொள்வதால் பீனால் பத்து லட்சம் மடங்கு வலிய அமிலமாகிறது. காரத்தில் கரைவதும் உலோக அயனியைப் பற்றுவதும் இதனால்தான் அதற்கு எளிதாகின்றன. அதே ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மெத்தில் தொகுதி ஏறி ஈதராகிவிட்டால் இந்த அமிலத்தன்மை இல்லாமல் போகும்.

அலிசரினின் அருகருகே உள்ள ஆக்சிஜன் அணுக்கள் அலுமினியத்தைக் கவ்வும்போது, நீரில் கரையாத சிவப்பு அணைவுச் சேர்மம் உருவாகிறது. ஆனால் பருத்தி அலுமினியத்தை எளிதில் ஏற்காது. அதற்காகத்தான் நல்லெண்ணெயையும் சாம்பல் காரத்தையும் கலந்த நீரில் நூலைத் திரும்பத் திரும்ப நனைத்து வெயிலில் உலர்த்தினார்கள். கடுக்காயில் உள்ள டானின்களும் பல ஹைட்ராக்சில் கொண்ட பீனால்களே. படிகாரத்தின் அலுமினியத்தை இழையில் நிறுத்த அவை உதவின. சில இடங்களில் காயா மர இலைகளைச் சேர்ப்பதும் வழக்கம். அம்மரம் மண்ணிலிருந்து அலுமினியத்தை இலையில் சேர்த்துவைப்பது என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது.

மதுரைச் சிவப்பின் பொலிவுக்கு வைகைத் தண்ணீரே காரணம் என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. இதை வெறும் ஊர்ப்பெருமை என்று ஒதுக்க முடியாது. பிரான்சின் ரூவான் நகரில் நன்றாகப் பிடித்த சிவப்பு வேறோர் ஊரில் மங்கியபோது, அங்கத்திய நீரில் சுண்ணாம்பு இல்லாததே குறை என்று கண்டவர் ஹவுஸ்மான் என்ற சாயத் தொழிலர். அலிசரின் அணைவில் அலுமினியத்தோடு கால்சியமும் இடம்பெறுகிறது. தண்ணீரின் குணத்தைச் சாயத்தோடு சேர்த்து எண்ணியவர்கள் சரியான திசையில்தான் எண்ணினார்கள்.

2. வேரிலிருந்து தாருக்கு

1826இல் ரொபிகேயும் கொலினும் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து அலிசரினைப் பிரித்தெடுத்தனர். 1868இல் ஜெர்மானிய வேதியியலர் கிரேபும் லீபர்மானும் அதைத் துத்தநாகத் தூளுடன் சூடாக்க, ஆந்த்ரசீன் கிடைத்தது. பீனால் துத்தநாகத் தூளுடன் பென்சீன் தரும் அதே வினைதான் இது. ஆந்த்ரசீனோ நிலக்கரித் தாரில் மலிவாகக் கிடைப்பது. அதை ஆந்த்ரகுயினோனாக்கி, சல்போனிக் அமிலமாக்கி, எரிசோடாவுடன் உருக்கினால் அலிசரின் வந்துவிடும். 1869 ஜூன் 25 அன்று ஜெர்மானியர்களும், மறுநாள் ஆங்கிலேயரான பெர்கினும் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்.

மூலக்கூறு ஒன்றே என்பதால் மதுரைத் தொட்டியில் வினை மாறவில்லை. எண்ணெயும் படிகாரமும் அப்படியே தொடர முடிந்தது. மாறியது வருமிடம்தான். கடற்கரையில் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. சாயம் கப்பலில் வந்து இறங்கியது.

3. நாப்தால்

இரண்டாம் மாற்றம் வினையையே மாற்றியது. 1858இல் பீட்டர் கிரீஸ் டையசோ சேர்மங்களைக் கண்டறிந்தார். 1880இல் இங்கிலாந்தின் ஹாலிடே நிறுவனம் பீட்டா நாப்தாலைத் துணியிலேயே டையசோனியம் உப்புடன் இணைத்துச் சிவப்பாக்கியது. 1912 வாக்கில் ஜெர்மனியின் கிரீஸ்ஹைம் நிறுவனத்தின் நாப்தால் ஏஎஸ் வந்தது.

நாப்தாலும் பீனால் இனமே. எரிசோடாவில் கரைந்து நாப்தாலேட்டாகும்போது அதன் வளையத்தில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது; டையசோனியம் அயனி அங்கே வந்து இணைகிறது. நாப்தால் தொட்டியிலிருந்து வெளியே வரும் துணி வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். அடுத்த தொட்டியில் அமிழ்த்திய சில நொடிகளில் சிவப்பு ஏறும். நிறம் இழைக்குள்ளேயே உருவாவதால் எளிதில் கழுவிப் போகாது. இதற்குச் சூடு வேண்டியதில்லை என்பது மெழுகு அச்சு இட்ட சுங்குடிக்குப் பெரும் வசதி, ஏனெனில் வெந்நீரில் மெழுகு உருகிவிடும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாஸ்ட் கார்னெட் ஜிபிசி, பாஸ்ட் ரெட் டிஆர், பாஸ்ட் ஸ்கார்லெட் ஜி ஆகிய, டையசோனியம் உப்பாக மாற்றப்படும் பேஸ்கள் புற்றுநோய் அபாயம் உள்ள அமீன்களின் பட்டியலில் சேர்ந்தன. 1994இல் ஜெர்மனி அத்தகைய அமீன்களைத் தரும் அசோ சாயங்களைத் தடுத்தது. 1990களில் இந்தியாவும் தடைவிதித்தது. கையுறையின்றித் தொட்டியில் கைவிட்டவருக்கு டப்பாவின் எண்தான் தெரியும், அமீனின் பெயர் தெரியாது.

4. ஆல்கஹாலிலிருந்து ஈதர்

மூன்றாம் கட்டத்தில் வினைபுரிவது பஞ்சேதான். பஞ்சிலுள்ள செல்லுலோஸின் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஆல்கஹால் ஹைட்ராக்சில்கள் உள்ளன. 1956இல் ஐசிஐ நிறுவனம் புரோசியான் என்னும் வினைபுரி சாயங்களை வெளியிட்டது. அடுத்து வந்தவை வினைல் சல்போன் சாயங்கள். சோடாக் காரத்தில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் ஆக்சிஜன் வினைல் சல்போனின் இரட்டைப் பிணைப்பைத் தாக்க, சாயமும் இழையும் ஈதர் பிணைப்பால் ஒன்றாகின்றன. சோப்புக்கு நிறம் நிலைப்பது அதனால்தான்.

ஆனால் தொட்டியில் உள்ள தண்ணீரும் ஹைட்ராக்சில் கொண்டது. அதுவும் போட்டியிட்டுச் சாயத்தோடு வினைபுரிகிறது. அப்படி வீணான சாயமும் சேர்த்த உப்பும் கழிவுநீரில் கலந்து வெளியேறுகின்றன. தமிழகச் சாயப்பட்டறைகளின் இன்றைய கழிவுநீர் நெருக்கடிக்கு வேர் இந்த வினையில் இருக்கிறது.

முடிவுரை

முதற் கட்டத்தில் எண்ணெய், சாம்பல், படிகாரம், தண்ணீர் பற்றிய அறிவு முழுதும் சாயக்காரரிடம் இருந்தது. பின்னர் அது படிப்படியாக ஆலைக்கும் டப்பாவின் எண்ணுக்கும் இடம்பெயர்ந்தது. 2005–06இல் சுங்குடிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். தொட்டியில் நிற்பவரையும் ஆற்றையும் காக்க அந்த அறிவு திரும்ப வேண்டும். தமிழகப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஹைட்ராக்சி சேர்மங்களையும் ஈதர்களையும் ஒரே பாடத்தில் படிக்கிறார்கள். அப்பாடத்தின் துத்தநாகத் தூள் வினையும் இணைப்பு வினையும் ஈதர் உருவாக்கமும் இந்நகரின் தொழிலோடு பின்னியவை. மதுரை வகுப்பறைகள் அவற்றைச் சுங்குடியைக் கொண்டே கற்பிக்கட்டும். சாயப்பட்டறைக்குச் செல்லும் பிள்ளைகள் தாங்கள் தொடும் பொருள் இன்னதென்று அறிந்து தொடுவார்கள்.