கைதிகளுக்குக் கடிதம் எழுதும் இயக்கம்

கைதிகளுக்குக் கடிதம் எழுதும் இயக்கம்: அரசியல் கருத்துக்காகவோ சமூகச் செயற்பாட்டுக்காகவோ சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு, அவர்களோடு உறவோ அறிமுகமோ இல்லாதவர்கள் ஆதரவாகக் கடிதம் எழுதும் வழக்கம். இது இருவகைப்படும். கைதியின் பெயருக்கே அனுப்பும் ஆறுதல் கடிதம் ஒன்று. அவரை அடைத்து வைத்திருக்கும் அரசுக்கு அனுப்பும் முறையீட்டுக் கடிதம் மற்றொன்று. நடைமுறையில் இரண்டையும் பிரிப்பது எளிதன்று. கைதிக்கு எழுதிய கடிதத்தையும் முதலில் பிரித்துப் படிப்பவர் சிறை அதிகாரியே. எழுதுவோர் இதை அறிந்தே எழுதினர். இவ்வகைக் கடிதங்களின் அடக்கமான நடைக்கு இதுவே காரணம்.

முன்னோடிகள்

ஜார் காலத்து ரஷ்யாவில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, ‘அரசியல் செஞ்சிலுவை’ என்ற பெயரில் இயங்கிய குழுக்கள் சிறைப்பட்டோருக்கும் நாடு கடத்தப்பட்டோருக்கும் பணமும் உடையும் உணவும் அனுப்பிவந்தன. சோவியத் ஆட்சியிலும் இப்பணியை மக்சீம் கார்க்கியின் மனைவி எகத்தெரீனா பெஷ்கோவா 1930களின் பிற்பகுதி வரை நடத்தினார். இதே மரபில் கிளைத்த அராஜகவாதிகளின் செஞ்சிலுவை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தோன்றியது. எந்த ஆண்டில், எந்த ஊரில் என்பதில் அதன் பழைய உறுப்பினர்களின் குறிப்புகளே ஒத்துப்போகவில்லை. பின்னர் ‘கருஞ்சிலுவை’ எனப் பெயர் மாறிய இவ்வமைப்பை, ஸ்பெயினில் சிறையிருந்து மீண்ட ஸ்டூவர்ட் கிறிஸ்டியும் ஆல்பர்ட் மெல்ட்சரும் 1960களின் இறுதியில் பிரிட்டனில் புதுப்பித்தனர். எழுத்தாளர்களின் பன்னாட்டு அமைப்பான பென், சிறையிலுள்ள எழுத்தாளர்களுக்கென 1960இல் தனிக்குழு அமைத்தது.

1961: மறக்கப்பட்ட கைதிகள்

அறிமுகமில்லாதவர் எழுதும் கடிதம் ஓர் இயக்கமாகத் திரண்டது லண்டனில். வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் (1921–2005) 1961 மே 28 அன்று ‘அப்சர்வர்’ ஞாயிறு ஏட்டில் ‘மறக்கப்பட்ட கைதிகள்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். ஓராண்டுக்கு மட்டும் நடத்தத் திட்டமிட்ட பரப்புரையின் தொடக்கம் அது.

கட்டுரைக்குத் தூண்டுதலாக நெடுங்காலம் சொல்லப்பட்டுவரும் கதை பின்வருமாறு: சலாசாரின் சர்வாதிகாரத்தில் இருந்த போர்ச்சுகலில் இரு மாணவர்கள் விடுதலையை வாழ்த்திக் கோப்பை உயர்த்தினார்கள், அதற்காக அவர்களுக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது, இச்செய்தியைப் பெனன்சன் லண்டன் சுரங்க ரயிலில் செல்கையில் நாளேட்டில் படித்தார். ஆய்வாளர்கள் தேடியும் இவ்விவரங்கள் அனைத்தும் பொருந்தும் செய்தி கிடைக்கவில்லை. பெனன்சனே வெவ்வேறு ஆண்டுகளில் இதை வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். போர்ச்சுகலில் அக்காலத்தில் இத்தகைய தண்டனைகள் வழங்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. குறிப்பிட்ட கோப்பையும் குறிப்பிட்ட ரயிலும் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

கட்டுரை அறுவரை முன்னிறுத்தியது: அங்கோலாவின் கவிஞரும் மருத்துவருமான அகோஸ்தின்ஹோ நேட்டோ, ருமேனியத் தத்துவ அறிஞர் கான்ஸ்டன்டின் நோயிகா, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற போதகர் ஆஷ்டன் ஜோன்ஸ், கிரேக்கத் தொழிற்சங்கவாதி டோனி அம்பட்டியெலோஸ், பிராக் பேராயர் யோசப் பெரான், ஹங்கேரியின் கர்தினால் மின்ட்சென்டி. இவர்களுள் மின்ட்சென்டி அப்போது சிறையில் இல்லை. 1956 முதல் புடாபெஸ்டில் அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சமடைந்து, வெளியே வர இயலாமல் இருந்தார். நேட்டோ 1975இல் விடுதலை பெற்ற அங்கோலாவின் முதல் குடியரசுத் தலைவரானார்.

கட்டுரையைப் பிற நாட்டு ஏடுகளும் எடுத்து வெளியிட்டன. ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்டு வந்த கடிதங்களும் நன்கொடைகளும் பெனன்சனின் மைட்டர் கோர்ட் அலுவலகத்தில் குவிந்தன. இந்தப் பரப்புரையே அம்னெஸ்டி இன்டர்நேஷனல் (பன்னாட்டு மன்னிப்பு அவை) ஆயிற்று. முள்கம்பி சுற்றிய மெழுகுவத்திச் சின்னத்தை டயானா ரெட்ஹவுஸ் வரைந்தார்.

மூவர் குழுக்கள்

தேவாலயங்கள், கல்லூரிகள், குடியிருப்புப் பகுதிகள் சார்ந்து அமைந்த ஒவ்வொரு உள்ளூர்க் குழுவுக்கும் மூன்று கைதிகளின் பெயர்கள் தரப்பட்டன. ஒருவர் மேற்கு நாட்டவர், ஒருவர் பொதுவுடைமை நாட்டவர், மூன்றாமவர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாட்டவர். பனிப்போர்க் காலத்தில் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று காட்ட வகுத்த ஏற்பாடு இது. சொந்த நாட்டுக் கைதியைக் குழு ஏற்கக் கூடாது என்பதும் விதி. வன்முறையைக் கையாளாமலும் ஆதரிக்காமலும் கருத்துக்காக மட்டுமே சிறைப்பட்டவர் ‘மனச்சான்றுக் கைதி’ எனப்பட்டார்.

1962ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் இந்தியா, இலங்கை, மலாயா, பர்மா உள்ளிட்ட நாடுகளிலும் குழுக்கள் அமைந்திருந்தன அல்லது அமைந்துகொண்டிருந்தன. இந்நாடுகளின் குழுக்களைக் காட்டிலும் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஸ்காண்டிநேவியக் குழுக்களைப் பற்றியே விரிவாக எழுதப்பட்டுள்ளது.

கடிதம் எழுதும் முறை மெல்ல ஒரு கலையாகவே வளர்ந்தது. கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். அமைச்சரையோ சிறைக் கண்காணிப்பாளரையோ அவருக்குரிய மதிப்போடு விளித்து எழுத வேண்டும். அவர் நியாயம் அறிந்தவர் என்ற நம்பிக்கை ஒவ்வொரு வரியிலும் தெரிய வேண்டும். ஆட்சியின் கொள்கையைப் பழிக்கக் கூடாது. அச்சிட்ட படிவத்தைவிடக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். இத்தனை கட்டுப்பாட்டுக்குள் எழுதப்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் மாதந்தோறும் எழுதினர். அமைப்பின் மாத இதழில் சில கைதிகளின் பெயரும் விவரமும் வரும். உறுப்பினர்கள் அவர்களுக்காக அஞ்சலட்டை அனுப்புவார்கள். சமையலறை மேசையில் அமர்ந்து, தாங்கள் ஒருபோதும் காணப்போகாத ஊரின் பெயரைத் தவறில்லாமல் எழுத முயன்ற அந்த உறுப்பினர்களே இயக்கத்தின் பெரும்பகுதி.

மனச்சான்றுக் கைதி யார் என்ற வரையறை 1964இல் சோதனைக்குள்ளானது. 1962இல் தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலாவை மனச்சான்றுக் கைதியாக ஏற்றிருந்தனர். அவர் மீது நடந்த ரிவோனியா வழக்குக்குப் பின், அவர் ஆயுதப் போராட்டத்தை ஆதரித்ததால் அந்த நிலை நீடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையோர் விதியைத் தளர்த்த விரும்பவில்லை. கொள்கையில் உறுதி காத்தது என்று இதைப் பாராட்டுவோரும் உண்டு. ஒடுக்கப்பட்டவரின் நிலையை உணராத முடிவு என்போரும் உண்டு. 2006இல் அதே அமைப்பு தன் உயரிய விருதை மண்டேலாவுக்கு வழங்கியது.

1973 மார்ச் 19 அன்று முதல் ‘அவசர நடவடிக்கை’ அழைப்பு வெளியானது. சாவோ பாவ்லோவில் பிடிபட்டுச் சித்திரவதை அச்சத்தில் இருந்த பேராசிரியர் லூயிஸ் பசிலியோ ரோசிக்காக, பிரேசில் அதிகாரிகளுக்கு உடனே கடிதமும் தந்தியும் அனுப்புமாறு கேட்டது அது. மாதக்கணக்கில் பொறுமையாக எழுதும் பழைய முறையோடு, நாள்கணக்கில் குவிக்கும் புதிய முறையும் சேர்ந்துகொண்டது. ரோசி அதே ஆண்டில் விடுதலையானார்.

டொமினிக்கன் குடியரசின் தொழிற்சங்கத் தலைவர் ஹூலியோ தெ பெனியா வல்தேஸின் அனுபவம் இயக்க ஏடுகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. உடையின்றி நிலவறையில் கிடந்தவருக்கு, முதல் இருநூறு கடிதங்கள் வந்ததும் உடைகள் திரும்பக் கிடைத்தன. அடுத்த இருநூறு வந்ததும் சிறை இயக்குநர் நேரில் வந்து பார்த்தார். கடிதங்கள் மேலும் மேலும் வர, விவரம் குடியரசுத் தலைவர் வரை போயிற்று. விடுதலை கடிதத்தால்தான் வந்ததா என்று எந்த வழக்கிலும் அறுதியிட முடியாது. அமைப்பும் பொதுவாக அப்படி உரிமை கொண்டாடுவதைத் தவிர்த்தது. 1977இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தணிக்கை

மண்டேலா அடைக்கப்பட்ட ராபன் தீவில், தொடக்கத்தில் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம். அதுவும் நெருங்கிய உறவினரிடமிருந்து, 500 சொல்லுக்குள். வேண்டாத வரிகள் மீது காவலர்கள் மை பூசினர். கைதிகள் மையைக் கழுவி அடியிலுள்ளதைப் படிக்கக் கற்றனர். அது தெரிந்ததும் காவலர்கள் சவர அலகால் பத்திகளையே வெட்டி எடுத்தனர். தாளின் இருபுறமும் எழுதுவது வழக்கமாதலால், மறுபுறத்தில் குற்றமற்றிருந்த வரிகளும் சேர்ந்தே போயின. கைக்கு வந்தவை பலகணி போலிருந்த தாள்கள். மண்டேலா தாம் அனுப்பிய கடிதங்களுக்குப் படி எடுத்து வைத்த குறிப்பேடுகள் 1971இல் பறிமுதலாகி, 2004இல் முன்னாள் காவல்துறை அதிகாரி ஒருவரால் திருப்பித் தரப்பட்டன.

செக்கோஸ்லோவாக்கியாவில் 1979 முதல் 1983 வரை சிறையிலிருந்த நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் மனைவிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதலாம்: நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், அடிக்கோடிடாமல், அயல்மொழிச் சொல் கலவாமல். நகைச்சுவைக்கும் தடை இருந்தது.

தணிக்கை இத்தனை கடுமையாக இருக்கையில் முன்பின் அறியாதவரின் கடிதத்தால் என்ன பயன் என்ற வினா தொடர்ந்து எழுப்பப்படுகிறது. கைதியின் கைக்குச் சேராத கடிதமும் சிறையின் மேசைக்குச் சேர்ந்துவிடுகிறது. இவரை வெளியே யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அங்கே பதிவாகிறது என்பதே இயக்கத்தாரின் விடை. வெளிநாட்டுத் தபால்தலை கைதிக்குக் கூடுதல் தொல்லையைக் கொண்டுவரலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. நாட்டுக்கு நாடு நிலை வேறுபடும்.

அண்மைக்காலம்

2001இல் வார்சாவில் 24 மணி நேரம் தொடர்ந்து கடிதம் எழுதும் நிகழ்ச்சி நடந்தது. அவ்வாண்டு 2,326 கடிதங்கள் எழுதப்பட்டன. இப்போது அது டிசம்பர் 10, மனித உரிமை நாளையொட்டிப் பல நாடுகளில் நடக்கிறது. பென் அமைப்பு நவம்பர் 15ஐச் சிறையிலுள்ள எழுத்தாளர்களின் நாளாகக் கடைப்பிடிக்கிறது. அமெரிக்காவில் கருஞ்சிலுவைக் குழுக்கள் கைதிகளின் பிறந்தநாள் பட்டியலை வைத்துக்கொண்டு கூடி வாழ்த்து எழுதுகின்றன.

சிறைக்குள்ளிருந்து வெளியே வரும் கடிதங்களும் உண்டு. இந்தியாவில், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பிறந்த ஏசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி 2020 அக்டோபர் முதல் தலோஜா சிறையிலிருந்து தோழர்களுக்கு எழுதிய கடிதங்கள் பரவலாகப் படிக்கப்பட்டன. அவற்றில் அவர் உடனிருந்த ஏழைக் கைதிகளைப் பற்றியும் எழுதினார். 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

பெலாருசில் 2020க்குப் பின், உறவினரல்லாதார் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் கைதிகளுக்குத் தரப்படுவதில்லை. ரஷ்யச் சிறைகள் பலவற்றுக்குக் கட்டணம் செலுத்தி இணையம் வழியாகவும் கடிதம் அனுப்பலாம். தணிக்கையாளர் படித்த பின் அச்சிட்டுத் தருவார். தபாலில் எழுதுவோர் உறைக்குள் எழுதாத தாள் சிலவும் தபால்தலை ஒட்டிய வெற்று உறையும் சேர்த்து அனுப்புகிறார்கள், கைதி பதில் எழுதுவதற்காக.