இந்தப் பதிவை எழுதியது யார்? கிட் கமிட்டுக்குக் கையொப்பமிடும் முறை

1977, 1981, 1983 வன்முறைகளால் மலையகத் தோட்டங்களை விட்டு வெளியேறிய பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறி, அங்கே யுத்தத்துக்கும் முகம்கொடுத்தார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இன்றும் இருப்பவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறேன். இத்தகைய வாக்குமூலத்தில் 'கண்டேன்' என்பது 'கேள்விப்பட்டேன்' என்று மாறினால் போதும், சாட்சியின் பெறுமதி போய்விடும்.

தட்டச்சு செய்த கோப்புகளை நான் கிட் மென்பொருளில் வைத்திருக்கிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இது, கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்ற பதிவாகச் சேமிக்கும். ஆனால், யார் செய்த மாற்றம் என்பதை கிட் சோதிப்பதில்லை. கொடுத்த பெயரையும் மின்னஞ்சலையும் அப்படியே எழுதிக்கொள்ளும். தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியின் பெயர் இருப்பதால் அதை அவரே எழுதினார் என்று ஆகாது. கமிட்டிலுள்ள பெயரும் அப்படித்தான். கைநாட்டுப் போன்ற ஒன்று தேவை. அதுதான் மறைகுறியீட்டுக் கையொப்பம்.

2021 நவம்பரில் வந்த கிட் 2.34 முதல் எஸ்எஸ்எச் திறப்பாலேயே கையொப்பமிடலாம்.

1. 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையால் ஈடி25519 வகைத் திறப்புச் சோடியை உருவாக்குங்கள். தனித்திறப்பை எவருக்கும் கொடுக்க வேண்டாம்; அதற்குக் கடவுச்சொல் இடுங்கள். பொதுத்திறப்பை எவருக்கும் கொடுக்கலாம்.

2. 'கிட் கொன்ஃபிக்' மூலம் 'ஜிபிஜி டொட் ஃபோர்மட்' என்பதை எஸ்எஸ்எச் என மாற்றுங்கள். 'யூசர் டொட் சைனிங்கீ' என்பதில் பொதுத்திறப்புக் கோப்பின் இடத்தைக் கொடுங்கள்.

3. 'கமிட் டொட் ஜிபிஜிசைன்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். இனி ஒவ்வொரு கமிட்டும் கையொப்பத்துடன் சேமிக்கப்படும்.

4. குழுவிலுள்ளவர்களின் மின்னஞ்சலையும் பொதுத்திறப்பையும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி, அதன் இடத்தை 'ஜிபிஜி டொட் எஸ்எஸ்எச் டொட் அலவ்ட்சைனர்ஸ்ஃபைல்' என்பதில் கொடுங்கள். 'கிட் லொக்' கட்டளையுடன் 'ஷோ-சிக்னேச்சர்' சேர்த்தால் ஒவ்வொரு கையொப்பமும் சரியா என்று தெரியும்.

ஒவ்வொரு கமிட்டும் அதற்கு முந்தையதன் அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும். பழைய பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் மாறும். பழைய கையொப்பங்கள் பொருந்தாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. குறிப்பிட்ட திறப்பை வைத்திருந்தவர் இதை ஒப்பமிட்டார் என்பதை மட்டுமே கையொப்பம் காட்டும். எழுதப்பட்டது உண்மையா என்று சொல்லாது. திகதியும் கணினியின் கடிகாரம் சொல்வதுதான். தனித்திறப்பு களவுபோனால், எடுத்தவரும் உங்களைப் போலவே ஒப்பமிடலாம்.

இன்னொன்று: கையொப்பம் பதிவை உங்களுடன் பிணைக்கிறது. பின்னர் 'நான் எழுதவில்லை' என்று சொல்வது கடினம். ஆகவே வாக்குமூலம் தந்தவரின் பெயர், லயத்தின் இலக்கம் போன்றவற்றை முதல் கமிட்டுக்கு முன்பே நீக்கிவிடுங்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அவை இருக்கும். ஒப்பமிடும் பொறுப்பு எங்களுடையது. அதன் ஆபத்து சாட்சி சொன்னவர் தலையில் விழக்கூடாது.