பழுதுற்ற மனையும் பழி சுமந்த குடியும்: கொழும்பு வாடகைக் குடியிருப்புகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆண்டோரதும் கட்டியோரதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோட்டையும் துறைமுகமும் மாளிகையும் வீதியும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. அந்நகரங்களில் வாடகைக்குக் குடிபுகுந்தோர் தத்தம் வீட்டை எந்நிலையிற் பெற்றனர் என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. கொழும்பின் வடபாகத்திலே ஓரறை வீடொன்றுக்கு வந்துசேர்ந்த குடும்பம் முதல் நாளிற் கண்டவை யாவை? முன்னிருந்தோரின் அடுப்புப் புகை படிந்த சுவர், வெடித்த தரை, ஒழுகும் ஓடு, மூட்டைப்பூச்சி மறைந்திருக்கும் மரச்சட்டம், பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாய், அவ்வாறே பொதுவான மலகூடம் என்பனவே. சில மாதங்கள் கழித்து அவ்வழியே வந்த வெளியார் அதே அழுக்கைக் கண்டு, அது அக்குடும்பத்தின் பழக்கத்துக்குச் சான்றென முடிவு செய்தனர். வந்தவர்கள் பெற்றுக்கொண்ட அழுக்கு, அவர்கள் உண்டாக்கிய அழுக்காகக் கணிக்கப்பட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பின் நெரிசலான குடியிருப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறில் ஏற்பட்ட பொருளாதார மாற்றத்தின் விளைவுகளாகும். 1869 ஆம் ஆண்டளவிற் கோட்டை மதில்கள் இடிக்கப்படலாயின. 1875 இல் தென்மேற்கு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885 இல் அவ்வேலை நிறைவெய்தியது. காலித் துறைமுகம் வகித்த இடத்தைக் கொழும்பு பெற்றது. பெருந்தோட்ட விளைபொருள்கள் இத்துறையூடாக ஏற்றுமதியாயின. அரிசியும் நிலக்கரியும் இறக்குமதியாயின. துறைமுகத்தை அண்டி எழுந்த பண்டகசாலைகளும் நிலக்கரிக் கிடங்குகளும் அயற்சூழலை முற்றாக மாற்றின. முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகிய பகுதிகளில் விசாலமான வளவுகளில் வாழ்ந்த செல்வர்கள் படிப்படியாகக் கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டி முதலிய தென்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகள் மரப்பலகையாலும் தகரத்தாலும் தடுக்கப்பட்டு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. ஒரு குடும்பம் வாழ்ந்த மனையிற் பல குடும்பங்கள் குடியேறின. 1871 இல் ஏறத்தாழ ஓர் இலட்சமாயிருந்த நகரின் சனத்தொகை, 1921 அளவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாகப் பெருகியமை இம்மாற்றத்தின் வேகத்தைப் புலப்படுத்தும்.

பழைய மாளிகைகள் போதாமற்போகவே அவற்றின் வளவுகளிற் புதிய வரிசை வீடுகள் எழுந்தன. இவையே ‘தோட்டம்’ எனவும் ‘முடுக்கு’ எனவும் வழங்கப்பெறும் குடியிருப்புகளாம். வீதியை நோக்கிக் கடைகள் இருக்கும். இடையே ஓர் ஒடுங்கிய வழி உள்ளே செல்லும். அதன் இருமருங்கும் ஒரே சுவரைப் பங்குகொண்ட ஓரறை வீடுகள் அமைந்திருக்கும். பின்சுவரும் அடுத்த வரிசையின் பின்சுவரும் ஒன்றாயிருந்த இடங்களிற் காற்றும் வெளிச்சமும் முன்வாயிலால் மட்டுமே வந்தன. துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், நகர சுத்தித் தொழிலாளர், சிறு கைவினைஞர் எனச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் இவற்றில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். நிலத்தின் பெறுமதி ஏறிக்கொண்டிருந்தமையாற் கட்டடம் பழுதடைவதனாற் சொந்தக்காரருக்குப் பெரு நட்டம் ஏற்படவில்லை. சில தோட்டங்களில் நிலச் சொந்தக்காரருக்கும் குடியிருப்போருக்கும் இடையே, முழுத் தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்து அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்ட இடைத்தரகரும் இருந்தனர். வாடகை மேல்நோக்கிச் சென்றது. பழுதுபார்க்கும் பொறுப்பு கீழ்நோக்கித் தள்ளப்பட்டது.

சட்டம் இதனை அனுமதித்ததா என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒல்லாந்தர் காலந்தொட்டு இலங்கையில் நிலைபெற்ற உரோம-டச்சுச் சட்டம் இவ்விடயத்தில் ஐயத்துக்கிடமின்றிப் பேசுகின்றது. வாடகைக்கு விடுபவர் குறித்த நோக்கத்துக்குத் தகுதியான நிலையில் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும். வாடகைக் காலம் முழுவதும் அந்நிலையிற் பேணவும் வேண்டும். அவர் தவறுமிடத்து, அறிவித்தல் கொடுத்தபின் இன்றியமையாத திருத்தங்களைக் குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையிற் கழிக்கவும் இடமுண்டு. ஆயின் இவ்வுரிமையை நிலைநாட்டுதற்கு வழக்காடும் வலிமை வேண்டும். மாதத்துக்கு மாதம் குடியிருந்து, அறிவித்தல் ஒன்றினால் வெளியேற்றப்படக்கூடிய நிலையிலிருந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு அவ்வலிமை இருக்கவில்லை. ஏட்டில் உரிமையும் முடுக்கிலே ஒழுக்கும் ஒருங்கே நிலவின.

அரசு இவ்வீடுகளை முதன்முதலாகக் கூர்ந்து நோக்கியது நோயச்சத்தினாலாகும். 1914 இல் கொள்ளைநோய் கொழும்பை அடைந்தது. துறைமுகத்தையும் தானியக் களஞ்சியங்களையும் சார்ந்து பெருகிய எலிகள் நெரிசலான குடியிருப்புகளில் நோயைப் பரப்பின. அடுத்த ஆண்டில், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. புதிய கட்டடங்களுக்கு ஒழுங்குவிதிகளை வகுத்த இச்சட்டம், மனிதர் வாழத் தகுதியற்ற வீடுகளை மூடுவிக்கும் அதிகாரத்தையும் வழங்கியது. நோக்கம் நன்று. எனினும் இச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்டது வீடேயன்றி வீட்டிலிருந்தவர் அல்லர். மூடப்பட்ட வீட்டிலிருந்து வெளியேறியவர் எங்குச் செல்வார் என்ற வினாவுக்கு அதன்கண் போதிய விடை இல்லை. அவர் சென்றது பெரும்பாலும் அதனிலும் நெரிசலான அடுத்த தோட்டத்துக்கேயாம். 1921 இல் கொழும்பு நகரத் திட்டமிடல் பற்றி முதனிலை அறிக்கை எழுதிய பற்றிக் கெடிஸ், முன்னர் இந்திய நகரங்களிற் பணியாற்றியவர். குடியிருப்புகளை மொத்தமாக இடித்தொழிப்பதை எதிர்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் அகற்றி எஞ்சியவற்றைத் திருத்தும் முறையை வலியுறுத்தியவர். நகரத் திட்டமிடலின் பிற்கால வரலாற்றில் அவருடைய பூங்கா நகரக் கருத்துகள் நினைவுகூரப்பட்ட அளவுக்குத் திருத்தம் பற்றிய கருத்து நினைவுகூரப்படவில்லை.

வாடகை வீட்டின் இடர் தொழிலாளருக்கு மாத்திரம் உரியதன்று. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றபின், அரசாங்க எழுதுவினைஞராக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞர் பலர் கூட்டாக வீடெடுத்துச் ‘சமறி’ நடத்தினர். அவர்களும் பிறர் விட்டுச்சென்ற கறையைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசிய பின்னரே குடிபுகுந்தனர். ஆயின் அவர்களுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது. கொழும்பு வீடு தவணை முடிவில் விட்டுச்செல்லும் தங்குமிடமாயிருந்தது. முடுக்கில் வாழ்ந்த தொழிலாளிக்கோ அவ்வறையே ஊரும் வீடுமாயிற்று. இவ்வேறுபாடு முதன்மையானது.

இரண்டாம் உலகப் போர் புதியதொரு கட்டத்தைத் தோற்றுவித்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915 இல், கிளாஸ்கோ நகரத் தொழிலாளரின் வாடகை மறுப்புப் போராட்டத்தையடுத்துப் பிரித்தானியா வாடகையைக் கட்டுப்படுத்தியிருந்தது. இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமும் அவ்வழியிற் சென்றன. போர் விலையேற்றத்துக்கு முந்திய 1941 ஆம் ஆண்டின் மதிப்பீடே நியம வாடகைக்கு அடிப்படையாயிற்று. சட்டம் குறிப்பிட்ட காரணங்களுக்காகவன்றிக் குடியிருப்பவரை வெளியேற்றல் ஆகாதென விதிக்கப்பட்டது. உழைப்போர் குடும்பங்கள் பலவற்றுக்கு நகரத்தில் நிலையாக வாழும் வாய்ப்பை முதன்முதலில் வழங்கியது இச்சட்டமே எனலாம்.

ஆனால் வெளியேற்றுவதற்குரிய காரணங்களுள் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. குடியிருப்பவரின் செயலாலோ கவனக்குறைவாலோ வீடு சீர்கெட்டிருப்பின் அவரை வெளியேற்றலாம் என்பதே அது. வீடு முன்னரே சீர்கெட்டிருந்ததா என்பதைக் குடிபுகும் நாளில் எவரும் எழுதி வைப்பதில்லை. எனவே வெடித்த தரையும் உளுத்த கதவும் யாருடைய குற்றம் என்ற வினா நீதிமன்றத்தில் எழுந்தபோது, எழுத்திற் சான்று காட்ட இயலாத நிலையிற் குடியிருப்பவரே நின்றார். தொடக்கத்தில் நோக்கிய அத்தலைகீழ் மாற்றம் இங்கு சட்ட வடிவிலும் இடம்பெற வழியுண்டாயிற்று.

வாடகைக் கட்டுப்பாடே வீடுகளின் சீரழிவுக்குக் காரணம் என வாதிக்கும் பொருளியலாளர் பலர். வாடகை உறைந்துவிடவே, சொந்தக்காரர் திருத்தத்திற் பணம் இடுவதற்குரிய ஊக்கத்தை இழந்தனர் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. பல சொந்தக்காரர் வாடகையைப் பெறுவதோடு அமைந்து, கூரையைக் கைவிட்டனர். புதிதாகக் குடிவருவோரிடம் ‘கீ மணி’ எனப்பட்ட மறைமுகப் பணத்தையும் பெற்றனர். ஆயினும் இது பாதி உண்மையே. வாடகை கட்டுப்பாடின்றி ஏறிய 1942 க்கு முந்திய காலத்திலும் தோட்டங்கள் திருத்தப்படவில்லை. 1915 ஆம் ஆண்டுச் சட்டம் தோன்றவேண்டிய நிலை எழுந்ததே அதற்குச் சான்றாகும். முந்திய காலத்திற் குடியிருப்பவர் பேசமுடியாதவராயிருந்தமையால் திருத்தம் நிகழவில்லை. பிந்திய காலத்தில் அது சொந்தக்காரருக்கு ஆதாயமற்றதாயிருந்தமையால் நிகழவில்லை. காரணம் மாறியது, ஒழுக்கு மாறவில்லை.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பை மேலும் விரித்தது. குடியிருப்பவர் இறந்தபின் உடனுறைந்த நெருங்கிய உறவினர் அவ்வுரிமையைத் தொடர்வதற்கும் வழிசெய்தது. அடுத்த ஆண்டிலே, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகை வரையறுக்கப்பட்டு, மேலதிகமானவை அரசின் கையை அடைந்தன. தோட்டங்களில் வரிசை வரிசையாக வீடுகளை வைத்திருந்தோரின் நூற்றாண்டுகால ஆதிக்கம் இதனாற் பெரிதும் தகர்ந்தது. ஆயின் அரசு பெற்றுக்கொண்டவை பெரும்பாலும் பாழடைந்த வீடுகள். உரிமை ஒரு நாளிற் கைமாறலாம். கூரை அவ்வாறு மாறுவதில்லை. தனியார் பழுதுபார்க்காது விட்ட பொறுப்பு இப்பொழுது அரசின் தலையிற் சார்ந்தது. குறைந்த வாடகையைக்கொண்டு அதனை நிறைவேற்ற அரசுக்கும் இயலவில்லை. 1970 களின் கணிப்புகள் கொழும்பு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய தோட்டங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்ததாகக் காட்டின.

1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபையும், 1979 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் சட்டவழி நிறுவப்பட்டன. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், வீட்டை அரசு கட்டிக்கொடுத்தலினும் குடியிருப்போர் தாமே திருத்திக்கொள்ள உதவுதலே தக்கதென்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. இக்கருத்து புதியதெனப் போற்றப்பட்டது. உண்மையில் அரசு அன்று கண்டுபிடித்தது முடுக்குகளில் ஒரு நூற்றாண்டாக நிகழ்ந்துவந்ததொன்றையே. குடிபுகுந்த நாளிலேயே தரையைக் கழுவியவர், தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவர், ஒழுகிய இடத்தில் தகரத்தைச் செருகியவர், பொதுக் குழாயடியை முறைவைத்துத் துப்புரவாக்கியவர் எல்லாரும் குடியிருந்தோரே. அவர்களுள்ளும் பெண்களே பெரும்பாலார். இவ்வுழைப்பு சொந்தக்காரரின் கணக்கிற் செலவாகவோ, மாநகரசபையின் மதிப்பீட்டில் வரவாகவோ என்றும் பதியப்படவில்லை. அவ்வீடுகள் அத்தனை காலம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே கொழும்பு வாடகை வீட்டின் அழுக்கு, அதில் வாழ்ந்தோரின் பண்பைக் காட்டும் சான்றன்று. பொறுப்பு கைவிடப்பட்டமையைக் காட்டும் சான்றாகும். 1915 இன் சட்டம் கட்டடத்தைக் கண்டது. 1942 தொடக்கம் வந்த சட்டங்கள் வாடகையைக் கண்டன. 1973 இன் சட்டம் உடைமையைக் கண்டது. மூன்றும் தத்தம் அளவிற் பயன்றந்தன. குறிப்பாக, குடியிருப்பவரை நடுவீதியில் விடாது காத்த சட்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆயினும், குடிபுகும் நாளில் அவ்வீடு எந்நிலையில் இருந்தது, அதனைத் திருத்தவேண்டியவர் யார் என்ற எளிய வினாவை அவை எதுவும் நடுவில் வைக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை எழுதப்படாத இடங்களிலெல்லாம், விடையைத் தம் கைகளால் எழுதியவர்கள் துடைப்பத்தோடும் சுண்ணாம்பு வாளியோடும் உள்ளே சென்றவர்களே. நகர வரலாறு அவர்களுக்கும் உரியதாக எழுதப்படுதல் வேண்டும்.