கதிரவன் கறையும் தாது வருடப் பஞ்சமும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? கதிரவனிடத்துள்ள கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பதை ஜெர்மானியரான ஷ்வாபே 1844-இல் வெளியிட்டிருந்தார். புள்ளிகள் குறையுங் காலத்தில் சென்னையில் மழையும் குறைகின்றது என வில்லியம் ஹண்டரும் நார்மன் லாக்கியரும் 1877-இல் எழுதினர். அங்ஙனமாயின், பஞ்சத்தை முன்னரே அறிந்து மக்களைக் காக்கலாமன்றோ? 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்ததற்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணமாகும்.

1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், புள்ளிக் கணக்கையும் மழைக் கணக்கையும் ஒப்பிட்டார். இரண்டிற்குமுள்ள தொடர்பு மிக மெலிந்ததெனக் கண்டார். பசிபிக், இந்துமாக்கடல்களின்மேல் காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குவதே அவர் கண்ட வலிய துப்பு. தாது வருட வறட்சிக்கு, பசிபிக் நீர் வெப்பமுறும் எல் நினோவே முதன்மையான காரணம் என்பது இன்றைய அறிஞர் கருத்து.

1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்ததில், 11 ஆண்டுச் சுழற்சியில் கதிரவன் ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கேயாம். அண்மைப் பதிற்றாண்டுகளின் புவி வெப்ப உயர்வுக்கு அது காரணமாகாது.

மழை பொய்த்த அந்நாளிலும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறிச் சென்றது. அப்பழியைக் கதிரவன்மீது சுமத்துதல் தகுமோ?